தறிக்கு இரண்டு ஆள்

1970களின் நடுவில் ஒரு காலை. பொதட்டூர்பேட்டையில் எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே பாவு நீட்டியிருந்தார்கள். வெயில் ஏறினால் கஞ்சி காய்ந்து இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். அதற்குள் பிரித்துவிட வேண்டும் என்பதால் தெருவில் சும்மா இருந்த கை ஒன்றுகூட இல்லை. முனையில் ஒரு ஜீப் வந்து நின்றது. பாவு கிடக்கிற தெருவுக்குள் வண்டி வராது. இரண்டு பேர் இறங்கி, சுவரோரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்து வந்தார்கள். நெசவுத் தொழிலை வளர்க்க என்ன செய்யலாம் என்று நெசவாளிகளிடமே கேட்டு எழுதிக்கொள்ள வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நைனாவிடம் கேட்டார்கள். தறி எத்தனை, நூல் யாரிடம் வாங்குகிறீர்கள், கூலி என்ன, கடன் உண்டா? நைனா நிதானமாகப் பதில் சொன்னார். "நூல் ஒரே விலையில நிக்கணும் சார். இன்னிக்கு ஒரு வெல, வர்ற வெள்ளிக்கெழம ஒரு வெலன்னா நாங்க எப்படிக் கணக்குப் போடறது?" அதை எழுதிக்கொண்டார்கள். பிறகு, "வேலை செய்யற ஆள் எத்தனை?" என்றார்கள். "ரெண்டு தறி, ரெண்டு ஆளு" என்றார் நைனா. அவரும் சித்தப்பாவும்.

உள்ளே இராட்டினம் சுற்றிக்கொண்டிருந்த அம்மா, கையை நிறுத்தாமலே சொன்னாள்: "தறிக்கு ரெண்டு ஆளுன்னு எழுதிக்கச் சொல்லுங்க. தார் சுத்தலன்னா நாடா எதை வெச்சி ஓடும்?"

வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அது வீட்டு வேலைதானேம்மா" என்றார். பேச்சில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தாளைத் திருப்பி அடுத்த கேள்விக்குப் போனார்.

எனக்கு அப்போது 17 வயது. அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னோர் இராட்டினத்தில் நானும் தார்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். பிறகு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலைக்குப் போய், ஓய்வு பெறும் வரை நூல் இருப்பும் துணி இருப்பும் கூலிப் பட்டுவாடாவும் எழுதினேன். ஓய்வுக்குப் பிறகு என் மகள் என்னைச் சென்னைக்கு அழைத்துப்போய் எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும் கன்னிமாரா நூலகத்தையும் காட்டினாள். நெசவாளியிடம் கருத்துக் கேட்கிற வழக்கம் எப்போது தொடங்கியது, யார் யாரெல்லாம் கேட்டார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தார் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நெசவில்லாத ஊர்க்காரர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. துணியில் நீளவாக்கில் போவது பாவு, குறுக்கே போவது ஊடை. ஊடை நூலை ஒரு சிறு குச்சியில் சுற்றி, பாவுக்கு நடுவே குறுக்காக ஓடும் நாடாவுக்குள் வைப்பார்கள். சுற்றிய அந்தக் குச்சிதான் தார். சிட்டமாக வரும் நூலைப் பிரித்து, இராட்டினத்தில் மாட்டி, வலது கையால் சக்கரத்தைச் சுழற்றி, இடது கை விரல்களுக்கு நடுவே நூலை வழியவிட்டுச் சுற்ற வேண்டும். இறுக்கம் கூடினால் நூல் அறும். தளர்ந்தால் தார் சரிந்து நாடாவுக்குள் சிக்கும். சிக்கினால் துணியில் பழுது விழும், பழுதுக்கு நெய்தவர் கூலியில் பிடிப்பார்கள்.

எவ்வளவு நூல்? சங்கத்தில் கணக்கெழுதிய பழக்கத்தில் ஒருநாள் போட்டுப் பார்த்தேன். 2 மீட்டர் நீளம், 48 அங்குல அகலம், அங்குலத்துக்கு 50 ஊடை என்று ஒரு சாதாரண லுங்கியை வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஊடை நூலை மட்டும் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 4,800 மீட்டர் வரும். ஒரு மணி நேரம் விடாமல் நடந்தால்தான் அந்த நூலின் மறுமுனையைத் தொட முடியும். சிட்டக் கணக்கில், 840 கெஜம் ஒரு சிட்டம் என்றால், ஆறேகால் சிட்டம். நாளைக்கு மூன்று லுங்கி இறங்கும் தறிக்கு 14 கிலோமீட்டருக்கு மேல் நூல் சுற்றித் தர வேண்டும். அம்மா சுற்றினாள். அடுப்பில் உலை வைத்துவிட்டுச் சுற்றினாள், என் தம்பி பிறப்பதற்கு முதல் நாளும் சுற்றினாள்.

எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிபேட்டை, சொரக்காய்பேட்டை, ஆர்.கே. பேட்டை. பேட்டை என்றால் சரக்கு வந்து இறங்கி விற்கிற இடம், தொழிலுக்காகக் குடியேறியவர்கள் சேர்ந்து வாழ்கிற இடம். சென்னையிலும் அப்படித்தான். 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தது. ஏற்றுமதித் துணி கிடைப்பது திண்டாட்டமாக இருந்தது. கோட்டைக்குப் பக்கத்திலேயே நெசவாளர்களைக் குடிவைத்துவிட்டால் அந்தத் திண்டாட்டம் தீரும் என்பது யோசனை. யாரைக் குடிவைக்க வேண்டும் என்று கம்பெனி எண்ணிய பட்டியலில் நெசவாளர் மட்டும் இல்லை. நூற்பவர், சாயம் தோய்ப்பவர், துணியில் வண்ணம் எழுதுபவர், வெளுப்பவர் எல்லோரும் இருந்தார்கள். தறியில் உட்கார்ந்தவரை மட்டும் கூட்டிவந்தால் துணி வராது என்பது அன்றைய வணிகர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டு நெசவாளிக்கு ஓர் உரிமை இருந்தது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வேறு வணிகரிடம் போகலாம். விலை ஏறும் காலத்தில் அந்த உரிமைதான் அவர்களுக்குப் பேரம் பேசும் பலத்தைக் கொடுத்தது. கூலி பிடிக்காவிட்டால் தறியைக் கழற்றிக்கொண்டு ஊரையே மாற்றினார்கள். பிற்பாதியில் கம்பெனியின் கை ஓங்கியதும் அந்த வழி அடைபட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் விடுதலை கிடையாது. கருத்துக் கேட்டு எழுதிக்கொள்ளும் தாள்கள் எல்லாம் இதற்கு நெடுங்காலம் பின்னால்தான் வருகின்றன. நெசவாளி எழுந்து போக முடியாத நிலைக்கு வந்த பிறகுதான் அவரிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள் என்பது, தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது.

ஆங்கில மில் துணி வந்து இறங்கி, கையால் நூற்ற நூலின் இடத்தை மில் நூல் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில் இராட்டையில் நூற்ற பெண்கள்தான் முதலில் வேலை இழந்தார்கள். தறி தாக்குப்பிடித்தது. 1897-இல் எட்கர் தர்ஸ்டன் சென்னை மாகாணத்தின் பருத்தித் துணித் தொழிலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதற்குச் சற்று முன்னும் பின்னுமாகச் சென்னை அதிகாரிகள் சிலர், மக்கள் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று நிஜமான அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்கள். பிரெடரிக் நிக்கல்சனை அரசு ஐரோப்பாவின் கிராம வங்கிகளைப் பார்த்துவர அனுப்பியது. ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் தொடங்கிய கடன் சங்கங்களைப் போல இங்கேயும் வேண்டும் என்று அவர் எழுதினார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே, எங்கள் திருவள்ளூருக்குப் பக்கத்தில் உள்ள திரூரில் ஒரு கடன் சங்கம் பதிவானது. நாட்டின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் அது. நான் சம்பளம் வாங்கிய சங்கத்தின் வேர் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருந்திருக்கிறது, ஓய்வு பெறும் வரை எனக்கு அது தெரியவில்லை.

நெசவுக்கு வந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். பொறியியல் பேராசிரியர். சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தவர், கிணற்றுப் பாசனத்துக்கு எண்ணெய் இன்ஜின் பம்பைப் பரப்பியவர். அவர் 1906 வாக்கில் சேலத்தில் அரசு செலவில் ஒரு நெசவுக்கூடம் அமைத்தார். நெசவாளர்களை ஒரே கூரையின் கீழ் சேர்த்து, நல்ல தறி கொடுத்து, பாவை ஒரே இடத்தில் தயாரித்துக் கொடுத்தால் வருமானம் கூடும், கடனும் தீரும் என்பது அவர் கணக்கு. நல்லெண்ணத்தோடு போட்ட கணக்கு. ஆனால் நெசவாளர்கள் கூடத்துக்கு வந்து நிலைக்கவில்லை. நேரத்துக்கு வருவதும் போவதும் அவர்களுக்கு ஒத்துவரவில்லை என்று அன்றைய எழுத்துகள் சொல்கின்றன.

எனக்கு வேறு காரணமும் தெரிகிறது. நெசவாளி வீட்டில் நெய்தால் மனைவி தார் சுற்றுவாள், தாயார் சிட்டம் பிரிப்பார், பிள்ளை அறுந்த இழையை முடிவான். அத்தனை பேர் உழைப்பும் சேர்ந்து ஒரு துணிக் கூலியாக அந்த வீட்டுக்கு வரும். கூடத்துக்கு அவன் தனியாகப் போனால் அவன் ஒருவன் கூலிதான் வரும். மற்ற மூன்று ஜோடிக் கைகளுக்கு வீட்டில் வேலை இல்லை. குடும்பம் முழுவதும் சேர்ந்து செய்கிற தொழிலை ஓர் ஆளின் தொழில் என்று எண்ணியதுதான் அந்தக் கூடத்தின் பிழை. அம்மாவுக்குத் திண்ணையிலிருந்து வந்த பதிலிலும் அதே பிழைதான் இருந்தது.

1908-இல் சென்னை அரசு உதகமண்டலத்தில் ஒரு தொழில் மாநாட்டைக் கூட்டியது. மாகாணத்தில் தொழில் வளர என்ன செய்யலாம் என்று அதிகாரிகளும் வெளியாரும் கூடி யோசித்தார்கள். தொழில்துறைக்குத் தனி இயக்குநர் வேண்டும் என்பது அங்கே எடுத்த முடிவுகளில் முக்கியமானது. மக்களிடம் யோசனை கேட்டு ஒரு வட்டாரத்தின் பொருளாதாரத்தை வளர்க்க நம் மாகாணத்தில் நடந்த பெரிய முயற்சிகளில் இது முன்னோடி என்று சொல்வேன். தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்பவரை உதகைக்கு அழைக்கிற காலம் அது அல்ல. ஆனாலும் இங்கேயே இருந்தவர்கள் இங்கே தேவையானதைச் சொன்னார்கள். 1910-இல் லண்டனிலிருந்து இந்தியா மந்திரி மார்லி அதைத் தடுத்தார். அரசுப் பணத்தில் தொழில் தொடங்கித் தனியாரோடு போட்டி போடக்கூடாது, தொழில் கற்பித்தால் போதும் என்றார். சேலம் நெசவுக்கூடமும் அதோடு மூடப்பட்டது.

கூடம் மூடினாலும் ஒரு பொருள் மட்டும் தறித் தெருக்களில் தங்கிவிட்டது. கயிற்றை இழுத்தால் தானே ஓடுகிற நாடா. அதைக் கண்டுபிடித்த இங்கிலாந்தின் லங்காஷயர்க்காரர் ஜான் கே 1733-இல் காப்புரிமை வாங்கினார். சிந்தாதிரிப்பேட்டை உருவாவதற்கு ஒரு வருடம் முன்பு. அங்கே வேலை போய்விடும் என்று பயந்தவர்கள் அவர் வீட்டையே தாக்கினார்கள், அவர் பிரான்சுக்குப் போய் வறுமையில் இறந்தார். இங்கே அந்த நாடா பரவலாக வந்து சேர 170 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வந்தபோது யாரும் யாரையும் தாக்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஒருவர் ஓட்டுவதைப் பார்த்து, ஊர்த் தச்சரிடம் சொல்லிச் செய்துகொண்டார்கள். யாரும் மானியம் கேட்டு நிற்கவில்லை. நெசவாளிக்குப் புதுமை பிடிக்காது என்று எழுதியவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டியதில்லை.

அந்த நாடா நெய்யும் வேகத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது என்பார்கள். அப்படியென்றால் தாரும் இரண்டு மடங்கு வேண்டும். நாடா ஓட விசை வந்தது, இராட்டினத்துக்கு வரவில்லை. இரண்டாவது மடங்குத் தாரை அதே கைகள்தான் சுற்றின. என் ஆயா சொல்வாள்: அவளுடைய மாமியார், கையால் நாடா எறிந்த காலத்தில் உச்சி வெயிலில் ஒரு தூக்கம் போட முடிந்தது என்பாராம். ஆயாவுக்கு அந்தத் தூக்கம் கிடைத்ததே இல்லை. தொழில் முன்னேற்றம் பற்றி எந்த அறிக்கையை எடுத்தாலும் நான் இதைத்தான் தேடுகிறேன். தறி வேகம் கூடியபோது தார் சுற்றியவளின் நாள் எவ்வளவு நீண்டது?

முதல் உலகப்போர் வந்ததும் மார்லியின் வாதம் எடுபடாமல் போயிற்று. 1916-இல் தாமஸ் ஹாலண்ட் தலைமையில் இந்தியத் தொழில் ஆணையம் அமைந்தது. சாட்டர்டனும் அதில் உறுப்பினர். மதன் மோகன் மாளவியா 1918 அறிக்கையோடு தனிக் குறிப்பு ஒன்றை எழுதிச் சேர்த்தார். ஊர் ஊராகப் போய்க் கேட்ட சாட்சியங்கள் தொகுதி தொகுதியாக அச்சாயின. 1929-இல் நாராயண ராவ் மாகாணத்தின் குடிசைத் தொழில்களை ஆராய்ந்து அறிக்கை தந்தார். அடுத்து மாகாண வங்கி விசாரணைக் குழு, கடன் பற்றிக் கேள்வித்தாள் அனுப்பிச் சாட்சியம் வாங்கியது. நூல் கடனாகக் கொடுத்துத் துணியாக வாங்கிக்கொள்ளும் வணிகரிடம் நெசவாளி எப்படிக் கட்டுண்டு கிடக்கிறார் என்று அந்தக் காலத்துப் பக்கங்களில் படித்தபோது, எங்கள் தெருவில் "பாக்கி" என்று சொல்லும் அதே சொல் என் காதில் விழுந்தது போல இருந்தது. 1935-இல் நெசவாளர் கூட்டுறவு அமைப்பான கோ-ஆப்டெக்ஸ் பிறந்தது இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த ஒரு நல்ல பதில்.

எல்லா அறிக்கைகளிலும் என் மனதுக்கு நெருக்கமானது 1942-இல் வெளிவந்த உண்மை அறியும் குழுவின் அறிக்கை. கைத்தறிக்கும் மில்லுக்கும் இருந்த வழக்கை ஆராய 1941-இல் இந்திய அரசு அமைத்த குழு. தலைவர் பி.ஜே. தாமஸ். கேரளத்தில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்தவர். கைத்தறி செத்துக்கொண்டிருக்கிறது, எஞ்சியது சொற்பம் என்று மேலிடங்களில் பேசிக்கொண்டிருந்த காலம். தாமஸ் குழு எண்ணிப் பார்த்து, நாட்டில் சுமார் 20 லட்சம் தறிகள் இருப்பதாகச் சொன்னது. அதோடு, நெசவாளர் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் துணைப் பணியாளர் என்று இன்னொரு கட்டம் போட்டது. பாவு போடுகிறவர்கள், நூல் சுற்றுகிறவர்கள். கூலி வாங்குகிறவர்கள் மட்டுமல்ல, கூலி வாங்காமல் வீட்டுக்குள்ளேயே செய்கிறவர்களும். கன்னிமாராவில் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மா கேட்டதை ஒருவர் அவளுக்கு முன்னாலேயே எழுதியிருக்கிறார். 1942-இல் எழுதியது எப்படி 30 சொச்சம் ஆண்டுகளில் "வீட்டு வேலை" ஆயிற்று?

எங்கள் ஊரை ஊராகவே கேட்ட ஒரு கேள்வியும் உண்டு. நீ எந்த மொழி பேசுகிறாய் என்ற கேள்வி. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அந்தப் பக்கம் போனது. திருத்தணி வட்டத்தோடு பொதட்டூர்பேட்டையும் போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வட எல்லைப் போராட்டம் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தி. சிறை போனவர்கள் உண்டு, உயிர் கொடுத்தவர்களும் உண்டு. கடைசியில் படாஸ்கர் இரு மாநிலங்களுக்கும் நடுவராக வந்தார். கிராமம் ஓர் அலகு, தொடர்ச்சியான நிலப்பரப்பு, எந்த மொழி பேசுவோர் அதிகம் என்பது கணக்கு. அதன்படி சட்டம் ஆகி, 1960 ஏப்ரல் 1-இல் நாங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தோம். நான் 1957-இல் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவள், பள்ளிச் சான்றிதழில் செங்கல்பட்டு மாவட்டம், ஓய்வு பெற்றது திருவள்ளூர் மாவட்டத்தில். இத்தனை மாற்றத்திலும் வீடு அதே வீடுதான்.

எங்கள் தெருவில் இரண்டு மொழியும் உண்டு. அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற தமிழ்க் குடும்பம் நாங்கள். அதனால் எல்லைக் கணக்கை யாருக்கும் எதிராக நான் நினைப்பதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் ஆயாவும் அம்மாவும் ஆளுக்கு ஒன்றாக எண்ணப்பட்டார்கள். வாயை எண்ணும்போது ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, கைக்குழந்தைக்கும் ஒன்று. ஒரு வட்டத்தையே ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாற்றும் பலம் அந்த எண்ணிக்கைக்கு இருந்தது. கையை எண்ணும்போதுதான் பெண்கள் காணாமல் போனார்கள்.

1950களுக்குப் பிறகு குழுக்களுக்குக் குறைவில்லை. 1953-இல் மில் துணிக்கு கெஜத்துக்கு 3 பை, அதாவது காலணா, வரி போட்டு அந்தப் பணத்தைக் கைத்தறிக்குக் கொடுத்தார்கள். பண்டிகைத் தள்ளுபடிக்கு அடித்தளம் அதுதான், நல்ல காரியம். 1954-இல் கனுங்கோ குழு, கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றலாம் என்றது. அடுத்த ஆண்டே கார்வே குழு, அவசரப்பட்டால் வேலை போகும் என்றது. 1964-இல் அசோக் மேத்தா, 1974-இல் சிவராமன். 1985-இல் வந்த சட்டத்தின் கீழ் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கினார்கள், பிறகு அது 11 ஆகச் சுருங்கியது. இவற்றின் சண்டை முழுவதும் தறிக்கும் தறிக்கும் இடையில்தான்.

எங்கள் தெருவுக்கு பவர்லூம் 1980களில் வந்தது. அந்தச் சத்தத்துக்குப் பழக ஒரு வருடம் ஆயிற்று. நைனா பழகவே இல்லை. திண்ணையை விட்டு எழுந்து கோயில் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். 1983-இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தின் ஆர்டர் விசைத்தறிக்கும் வந்த பிறகு, பொங்கலுக்கு முந்தைய மாதங்களில் இரவு பகல் என்று பிரிக்க முடியாதபடி தறிகள் ஓடின. விசைத்தறிக்காரர்கள் ஓயாமல் கேட்டுப் பெற்றது மின்சாரச் சலுகை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டாக இருந்தது 2016-இல் 750, 2023-இல் 1,000 ஆயிற்று. கைத்தறிக்கு 100, பிறகு 200, பிறகு 300. நெசவாளர்கள் சொன்ன யோசனை அரசின் காதில் ஏறிக் கையெழுத்தாக மாறியதற்கு இது சரியான சான்று, அதை மறைக்கக் கூடாது.

தார் சுற்ற மெஷினும் வந்தது. ஒரு பெண் நின்றுகொண்டு பல கதிர்களைப் பார்த்துக்கொள்ளலாம். முதன்முதலில் அதைப் பார்த்தபோது அம்மாவுக்கு 50 வயது இருக்கும். ஓடுகிற கதிர்கள் முன்னால் நெடுநேரம் நின்றாள். பிறகு தன் வலது தோளைத் தடவிக்கொண்டு, "இத்தினி நாளா எங்க இருந்துச்சி இது?" என்றாள். நாடாவுக்கு விசை வந்து எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள் கையால் சுற்றித் தீர்த்த பிறகுதான் இராட்டினத்துக்கு விசை வந்தது. அறிவில் குறை இருந்ததால் அல்ல, கேட்காததால் வந்த தாமதம் இது. வலி எங்கே என்று தோளிடம் கேட்டிருந்தால் ஆயாவின் காலத்திலேயே யாராவது இதற்கு ஒரு வழி கண்டிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

இன்று இந்த மாவட்டத்தின் பொருளாதாரம் என்றால் பலருக்கும் கும்மிடிப்பூண்டிதான் நினைவுக்கு வரும். 1971-இல் அரசின் சிப்காட் நிறுவனம் தொடங்கிய பிறகு வளர்ந்த தொழிற்பேட்டை. அங்கேயும் பேட்டை என்ற சொல் தொடர்கிறது. 1960-இல் எங்களை வாங்கிக்கொண்டதற்கு மாற்றாக ஆந்திரத்துக்குப் போன பகுதிதான் சத்தியவேடு. அந்த மண்ணில் 2008-இல் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வந்தது. கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போகிற பெண்களிடம் சொந்தப் பெயரில் ஊதியச் சீட்டும் வங்கிக் கணக்கும் பி.எப். எண்ணும் இருக்கின்றன. தறித் தெருவில் பிறந்த பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் தேர்வாய் கண்டிகையில் தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுத்தபோது, ஆடு மாடு மேய்ந்த இடம் போகிறதே என்று மக்கள் போராட வேண்டியிருந்தது. முடிவெடுத்த பிறகு கேட்கிற கேள்விக்கு மக்கள் சொல்லும் பதில் போராட்டமாகத்தான் இருக்கும்.

கிராம ஊராட்சிகளுக்குக் கிராம சபை உண்டு. எங்கள் ஊர் பேரூராட்சி என்பதால் எங்களுக்கு அது இல்லை. நகர்ப்புற உள்ளாட்சிகளிலும் மக்கள் கூடிப் பேச 2022 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டில் பகுதி சபைகள் தொடங்கியபோது எனக்கு வயது 65. டிவியில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொன்னேன். விளக்கும் குடிநீரும் கேட்கிற இடத்தில் தொழிலைப் பற்றியும் கேட்கலாமா என்று சந்தேகப்பட்டார்கள். நாலு பேர் சேர்ந்து எழுதிக் கொடுப்போம் என்று முடிவு செய்தோம்.

எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் எழுதினோம். ஒருத்தி, தார் மெஷின் கூலியை எடைக்குப் பதில் மணிக்கணக்கில் தர வேண்டும் என்றாள். நூல் மோசமாக வந்து அறுந்துகொண்டே இருந்தால் நேரம் போகிறது, எடை ஏறுவதில்லை, அந்த நஷ்டம் இவள் தலையில் விழுகிறது. இன்னொருத்தி, பாவு போட மழைக்கு ஒரு கூரை வேண்டும் என்றாள். எங்கள் தெருவில் இன்னும் சில கைத்தறிகள் மிச்சம் இருக்கின்றன, ஐப்பசி கார்த்திகையில் அந்த வீடுகளில் பாவு ஏறாது. மூன்றாமவள், வீட்டுக்குள் சுற்றுகிறவர்களுக்கும் நல வாரிய அட்டை கிடைக்கும்படி அவர்களையும் தொழிலாளியாகப் பதிய வேண்டும் என்றாள். சங்கத்தில் பழகிய கையெழுத்தில் மூன்றையும் எழுதினேன். கடைசியில் இடம் மிச்சமிருந்தது. தறிக்கு ஓர் ஆள் என்று இதுவரை எழுதியிருக்கும் கணக்கில் இரண்டு ஆள் என்று திருத்த வேண்டும் என்று நானாக ஒரு வரி சேர்த்தேன்.

கொண்டுபோய்க் கொடுத்தபோது, வாங்கிக்கொண்ட பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நின்றபடியே முழுவதும் படித்தாள். கடைசி வரியில் நிறுத்தி, "இந்த ரெண்டாவது ஆளு யாரும்மா? உங்க வீட்டுலயா?" என்றாள்.

"எங்க அம்மா. இப்ப இல்ல" என்றேன்.

உட்காரச் சொன்னாள். பேனாவை எடுத்துக்கொண்டு, அம்மா எத்தனை வயதில் சுற்ற ஆரம்பித்தாள் என்று கேட்டாள்.